மில்லி ஓம் கணக்கு

ஒரு நடுத்தர ஆலையை எடுத்துக்கொள்வோம். நுழைவாயிலருகே 11,000 வோல்ட்டை 433 வோல்ட்டாக இறக்கும் 1000 கேவிஏ டிரான்ஸ்பார்மர். அதையடுத்துப் பிரதான பேனல். அங்கிருந்து 25 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிள் ஒன்று 100 மீட்டர் ஓடி, ஆலையின் கடைசி மூலையிலிருக்கும் இயந்திரத்துக்குப் போகிறது. பிரதான பேனலில் மூன்று பேஸ்களும் ஒன்றையொன்று தொட்டுவிட்டால் ஏறக்குறைய 25,000 ஆம்பியர் பாயும். அந்தக் கடைசி மூலையில், கேபிள் சூடேறிய நிலையில், ஒரு பேஸ் மட்டும் இயந்திரத்தின் உடலைத் தொட்டு எர்த் ஆனால் பாய்வது 1,000 ஆம்பியருக்கும் சற்றுக் குறைவு. டிரான்ஸ்பார்மர் ஒன்றுதான், கேபிளும் ஒன்றுதான். இரண்டு எண்களுக்கும் நடுவே 25 மடங்கு இடைவெளி.

ஷார்ட் சர்க்யூட் மின்னோட்டத்தைக் கணினியில் கணக்கிடுவது என்றால், இந்த இரண்டு எண்களையும் ஆலையின் ஒவ்வொரு பேனலுக்கும் கண்டுபிடிப்பது. பேனலும் பிரேக்கரும் உடையாமல் தாங்குமா என்பதைப் பெரிய எண் சொல்லும். ஆபத்து நடக்கிறது என்பதே பிரேக்கருக்குத் தெரியுமா என்பதைச் சிறிய எண் சொல்லும். முதல் எண்ணை எல்லோரும் கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள். இரண்டாவதற்கு அந்த மரியாதை கிடைப்பதில்லை. உயிர்ச்சேதத்தைப் பொறுத்தவரை இரண்டாவது எண்தான் கூடுதல் கவனத்துக்குரியது என்று நான் நினைக்கிறேன்.

பெரிய எண்ணைக் காண மென்பொருள்கூடத் தேவையில்லை. டிரான்ஸ்பார்மரின் பெயர்ப்பலகையில் ‘சதவீத இம்பிடன்ஸ்’ என்று ஓர் எண் பொறித்திருக்கும். நம் டிரான்ஸ்பார்மரில் அது 5 என்று வைத்துக்கொள்வோம். வெளிவரும் பக்கத்தை முழுக்க ஷார்ட் செய்துவிட்டு, உள்ளே வரும் பக்கத்தில் இயல்பான மின்னழுத்தத்தில் 5 சதவீதத்தை மட்டும் கொடுத்தாலே டிரான்ஸ்பார்மரின் முழு மின்னோட்டமான 1,333 ஆம்பியர் ஓடிவிடும் என்பது அதன் பொருள். முழு மின்னழுத்தமும் இருந்தால் அதைப்போல் 20 மடங்கு, அதாவது ஏறக்குறைய 26,700 ஆம்பியர் ஓடும். வெளியிலுள்ள 11 கேவி வலைக்கும் கொஞ்சம் எதிர்ப்பு (இம்பிடன்ஸ்) உண்டு. அதையும் சேர்த்தால் எண் 25,000-க்கு இறங்கும்.

இதையே ஓம் கணக்கில் பார்த்தால் விஷயம் இன்னும் துலங்கும். வலையும் டிரான்ஸ்பார்மரும் சேர்ந்து தரும் மொத்த எதிர்ப்பு சுமார் 10 மில்லி ஓம், அதாவது ஓர் ஓமில் நூறில் ஒரு பங்கு. அந்த 25 சதுர மில்லிமீட்டர் கேபிளின் மின்தடை கிலோமீட்டருக்கு 0.727 ஓம், 100 மீட்டருக்கு ஏறக்குறைய 73 மில்லி ஓம். ஊரின் மொத்த மின்வலையும் டிரான்ஸ்பார்மரும் காட்டும் எதிர்ப்பைப்போல் ஏழு மடங்கை ஆலைக்குள் ஓடும் ஒற்றைக் கேபிள் காட்டுகிறது. அதனால்தான் பேனலில் 25,000 ஆம்பியராக இருப்பது, கேபிளின் மறுமுனையில் மூன்று பேஸ் ஷார்ட்டுக்கே 3,300-க்கு விழுந்துவிடுகிறது. உயரழுத்த வலைகளில் எண்களைப் பெரும்பாலும் ஜெனரேட்டர்களும் நீண்ட மின்பாதைகளும் தீர்மானிக்கின்றன. தாழ்வழுத்த உலகத்தில் தீர்மானிப்பவை கேபிளின் நீளமும் குறுக்களவும்.

25,000 ஆம்பியர் என்ன செய்யும் என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஷார்ட் ஏற்பட்ட கணத்தில் மின்னோட்ட அலை சமச்சீராகத் தொடங்குவதில்லை. ஒரு பக்கம் சாய்ந்து எழுந்து, 50 ஹெர்ட்ஸ் வலையில் ஏறத்தாழ 10 மில்லி விநாடிக்குள் உச்சத்தைத் தொடுகிறது. நம் பேனலில் அந்த உச்சம் 55,000 ஆம்பியர் அளவுக்குப் போகும். பேனலுக்குள் 10 சென்டிமீட்டர் இடைவெளியில் நிற்கும் பஸ்பார்கள் எனும் கடத்துப் பட்டைகள் அப்போது ஒன்றையொன்று மீட்டருக்கு அரை டன் எடைக்குச் சமமான விசையோடு தள்ளும், இழுக்கும். மின்னோட்டம் இருமடங்கானால் விசை நான்கு மடங்காகும். பஸ்பார்களைத் தாங்கும் இன்சுலேட்டர்கள் இந்த முதல் 10 மில்லி விநாடிக்காகத்தான் வடிவமைக்கப்படுகின்றன. அதற்குள் பல பிரேக்கர்கள் மின்சாரத்தை அறுத்து முடித்திருக்கவே மாட்டா.

அடுத்தது வெப்பம். பிவிசி உறையிட்ட நம் 25 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிள், 25,000 ஆம்பியரை ஒரு விநாடியில் நூறில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமான நேரம்தான் தாங்கும். ஷார்ட் கேபிளின் தொடக்கத்திலேயே, பேனலை ஒட்டி நடந்தால், 13 மில்லி விநாடிக்குள் மின்சாரம் அறுபட்டாக வேண்டும். பெரும் மின்னோட்டத்தை அறுக்கவல்ல எச்ஆர்சி பியூஸும், மின்னோட்டத்தை உச்சத்துக்கு ஏறவிடாமல் நடுவழியிலேயே நெரிக்கும் எம்சிசிபி வகைப் பிரேக்கரும் இதற்காகவே இருக்கின்றன. பிரேக்கரின் முகப்பில் 25 கேஏ (கிலோ ஆம்பியர்), 36 கேஏ, 50 கேஏ என்று எழுதியிருப்பது அது அறுக்கக்கூடிய உச்ச அளவு. அதற்கு மேல் போனால் பிரேக்கரே வெடிக்கலாம்.

ஆலை வளரும்போது இந்த எண் சத்தமில்லாமல் மாறிவிடுகிறது. புது இயந்திரங்களுக்காக இரண்டாவது 1000 கேவிஏ டிரான்ஸ்பார்மரை வாங்கி முதலாவதோடு இணையாக ஓட்டினால், பேனலில் ஷார்ட் அளவு 46,000 ஆம்பியர் வரை ஏறும். 36 கேஏ என்று எழுதிய பழைய பிரேக்கர்கள் அன்றிலிருந்து பாதுகாப்புக் கருவிகள் அல்ல. வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் மாறியிருக்காது. விளக்கு எரியும், மோட்டார் சுழலும்.

இனி சிறிய எண்.

கடைசி மூலையின் இயந்திரத்துக்குப் போகும் கேபிளை 100 ஆம்பியர் எம்சிசிபி ஒன்று காக்கிறது. பெரிய மின்னோட்டத்தில் உடனே விழவைக்கும் அதன் காந்த டிரிப், பத்து மடங்கில், அதாவது 1,000 ஆம்பியரில் அமைந்திருக்கிறது. தரநிலை அதற்கு 20 சதவீதம் முன்பின் அனுமதிக்கிறது. ஆக 800-க்குக் கீழே நிச்சயம் டிரிப் ஆகாது, 1,200-க்கு மேலே நிச்சயம் ஆகும், நடுவில் உறுதி கிடையாது. ஒரு பேஸ் எர்த்தைத் தொடும்போது மின்னோட்டம் பேஸ் கம்பியில் போய், அதே அளவுள்ள எர்த் கம்பியில் திரும்ப வேண்டும். தடை இருமடங்காகிறது. ஷார்ட்டின் வெப்பத்தில் பிவிசி கேபிளின் செம்பு 160 டிகிரி வரை போகலாம். அப்போது அதன் தடை 20 டிகிரியில் இருந்ததைப்போல் ஒன்றரை மடங்குக்கும் மேல். மின்னழுத்தமும் 5 சதவீதம் தாழ்ந்திருப்பதாக வைத்துக் கணக்கிட்டால் கிடைப்பது 990 ஆம்பியர் அளவு. உறுதியற்ற அந்த இடைவெளியின் நட்டநடுவில் போய் விழுகிறது.

காந்த டிரிப் கண்டுகொள்ளாவிட்டால் வேலை, சூடேறி வளையும் இருலோகப் பட்டையின் தலையில் விழுகிறது. அது பல விநாடிகள் எடுத்துக்கொள்ளும். அந்த மின்னோட்டத்தைக் கேபிள் தாங்கும் காலமும் ஏறக்குறைய 8 விநாடிதான். அதைவிடக் கவலைக்குரியது இயந்திரத்தின் உடல். பேஸிலும் எர்த்திலும் தடை சமமாக இருப்பதால், மின்னழுத்தத்தில் ஏறக்குறைய பாதி, அதாவது 100 வோல்ட்டுக்கு மேல், பிரேக்கர் விழும்வரை அந்த இரும்பு உடலில் நிற்கும். இயந்திரத்தில் கைவைத்து நிற்கும் தொழிலாளிக்கு அந்த விநாடிகள் மிக நீளமானவை. டிரிப்பை ஆறு மடங்குக்கு இறக்கலாம், மோட்டார் தொடங்கும்போது இழுக்கும் மின்னோட்டம் அனுமதித்தால். எர்த் பால்ட் ரிலே பொருத்தலாம். கேபிளைப் பெரிதாக்கலாம். தீர்வுகள் எளியவை. அவை தேவை என்பதைச் சொல்ல ஒரு கணக்கு வேண்டும். ஆலையில் இப்படி முந்நூறு கேபிள்கள் இருக்கும்போது அந்தக் கணக்கைக் கையால் போட யாருக்கும் பொறுமை இருக்காது. மென்பொருளின் உண்மையான பயன் இந்த இடத்தில்தான்.

மென்பொருளுக்குள் நடப்பது பழைய கணிதம். எவ்வளவு சிக்கலான வலையையும் ஓர் இடத்திலிருந்து பார்த்தால் ஒரே மின்னழுத்தமாகவும் அதோடு தொடராக நிற்கும் ஒரே எதிர்ப்பாகவும் சுருக்கிவிடலாம் என்று பிரான்ஸின் தந்திப் பொறியாளர் லியோன் தெவனின் 1883-இல் எழுதினார். மூன்று பேஸ்களும் சமமாக இல்லாத நிலையை, சமமான மூன்று தொகுதிகளாகப் பிரித்துக் கணக்கிடலாம் என்று 1918-இல் காட்டியவர் வெஸ்டிங்ஹவுஸ் பொறியாளர் சார்லஸ் போர்டெஸ்க்யூ. ஒரு பேஸ் மட்டும் எர்த் ஆகும் கணக்கு அவரால்தான் கைக்கு எட்டியது. அடுத்த சில பத்தாண்டுகள், பொறியாளர்கள் வலையின் சிற்றுருவை மேசைமேல் மின்தடைகளாலும் சுருள்களாலும் கட்டி, வேண்டிய இடத்தில் ஷார்ட் செய்து, மீட்டரில் அளந்து பார்த்தார்கள். எம்ஐடியில் 1929-இல் நிறைவுற்ற நெட்வொர்க் அனலைசர் இவ்வகையில் பெயர்பெற்றது. பிறகு டிஜிட்டல் கணினி வந்தது, வலை ஓர் அணி (மேட்ரிக்ஸ்) ஆயிற்று. 1968-இல் வெளிவந்த ஸ்டாக், எல்-அபியாத் இருவரின் பாடநூல் இந்த அணி வழியைத் தலைமுறை தலைமுறையாக மாணவர்களுக்குக் கற்றுத்தந்தது. அந்த அணியின் மூலைவிட்டத்தில் ஒவ்வொரு பேனலுக்கும் தெவனின் எதிர்ப்பு வரிசையாக உட்கார்ந்திருக்கும். அதைக் கொண்டு மின்னழுத்தத்தை வகுத்தால் விடை கிடைத்துவிடும்.

இன்று ஈடாப், பவர்பேக்டரி போன்ற பெரிய மென்பொருள்கள் உண்டு. கருவி செய்யும் நிறுவனங்கள் தரும் சிமாரிஸ், இகோடயல் போன்றவையும் உண்டு. மாணவர்களுக்கு நான் பரிந்துரைப்பது பாண்டாபவர். ஜெர்மனியின் காசல் பல்கலைக்கழகமும் பிரான்ஹோபர் ஆய்வு நிறுவனமும் உருவாக்கிய திறந்த பைதான் நூலகம் அது. செலவு இல்லை, உள்ளே என்ன நடக்கிறது என்பதைப் படித்தும் பார்க்கலாம். இவை பெரும்பாலும் பின்பற்றுவது ஐஇசி 60909 என்ற தரநிலையை. ஜெர்மானிய விடிஇ 0102 விதியிலிருந்து வளர்ந்து 1988-இல் உலகத் தரநிலையானது. ஷார்ட் நடந்த கணத்தில் ஆலையில் எவ்வளவு லோடு ஓடியது, மின்னழுத்தம் சரியாக எவ்வளவு என்றெல்லாம் அது கேட்பதில்லை. பெரிய எண்ணுக்கு மின்னழுத்தத்தை 5 அல்லது 10 சதவீதம் கூட்டு, கேபிளைக் குளிராக வை. சிறிய எண்ணுக்கு மின்னழுத்தத்தைக் குறை, கேபிளைச் சூடாக வை. அந்தத் துணிச்சலான எளிமை எனக்குப் பிடிக்கும். ஒரே தரவைக் கொடுத்தால் சென்னையிலும் பெர்லினிலும் ஒரே விடை வரும்.

ஆனால் மென்பொருளுக்குத் தெரியாத சில உண்டு. அவையும் மில்லி ஓம்களே.

ஒவ்வொரு கேபிள் முனையிலும், பஸ்பார் இணைப்பிலும், பிரேக்கரின் தொடுமுனையிலும் சிறு தடை ஒளிந்திருக்கிறது. 11 கேவியில் இதை மறந்துவிடலாம். மொத்த எதிர்ப்பே 10 மில்லி ஓம் என்னும் இடத்தில் ஒவ்வொரு மில்லி ஓமும் பேசும். 1 கிலோ வோல்ட்டுக்குக் கீழான வலைகளுக்கென்றே ரஷ்யாவும் அதன் அண்டை நாடுகளும் வைத்திருக்கும் கோஸ்ட் 28249 என்ற தரநிலை, கணக்கில் இந்தத் தொடுமுனைத் தடைகளைச் சேர்த்தே ஆக வேண்டும் என்கிறது. தகவல் இல்லாவிட்டால் கேபிள் இணைப்புக்கு 0.1 மில்லி ஓம், ஸ்விட்ச் கருவிக்கு 1 மில்லி ஓம் என்று எடுத்துக்கொள்ளலாம். நம் பேனலில் இப்படி 2 மில்லி ஓம் சேர்த்தால் 25,000 ஆம்பியர் 23,000-க்குச் சற்று மேலே வந்து நிற்கும். அது பெரிய மாற்றமில்லை. ஒரு தொடுமுனை கெட்டு 10 மில்லி ஓம் ஆனால் 16,000-க்கு விழும். ஷார்ட் இல்லாத சாதாரண நாளிலும் அது சும்மா இருக்காது. 600 ஆம்பியர் லோடு ஒரே ஒரு மில்லி ஓம் தொடுமுனை வழியே ஓடினால் அந்த விரல்நுனி அளவு இடத்தில் 360 வாட் வெப்பம் பிறக்கும்.

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், போர்ட் கால்ஹவுன் அணுமின் நிலையத்தில் 2011 ஜூன் 7 அன்று நடந்தது இதுதான். அங்கே 480 வோல்ட் பேனல்களில் 2009-இல் பழைய பிரேக்கர்களை எடுத்துவிட்டுப் புதியவற்றைப் பொருத்தியிருந்தார்கள். புதிய தாங்கியின் விரல்கள் பஸ்பாரைப் பற்றும் இடத்தில் இறுகிப்போன பழைய கிரீஸ் முழுதாகச் சுரண்டி எடுக்கப்படவில்லை. பொருத்தமும் சரியாக அமையவில்லை. தொடுமுனைத் தடை ஏறியது, வெப்பம் ஏறியது, கடைசியில் தீ. மின்சாரத்தைக் கடத்தும் புகைக்கரி, தனித்திருக்க வேண்டிய மறுபக்கத்துப் பஸ்ஸையும் எட்டியது. பயன்படுத்திய எரிபொருளைக் குளிர்விக்கும் குளத்தின் பம்புகள் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் நின்றன. நிலையம் எரிபொருள் மாற்றத்துக்காக ஏற்கெனவே நிறுத்தப்பட்டிருந்தது பெரும் பேறு. அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் தன் அளவுகோலில் மிகக் கடுமையான ‘சிவப்பு’த் தீர்ப்பை இதற்கு வழங்கியது. அந்தப் பேனலின் ஷார்ட் அளவை எந்த மென்பொருளில் கணக்கிட்டிருந்தாலும் விடை சரியாகவே வந்திருக்கும். மென்பொருளில் வரையும் வலைப்படத்தில் கிரீஸுக்கு இடமில்லை.

இன்னொன்று ஆர்க். கணக்கில் வரும் ஷார்ட் என்பது கம்பியும் கம்பியும் போல்ட் போட்டு இறுக்கியதுபோன்ற தொடுகை. நிஜத்தில் பெரும்பாலும் நடுவில் காற்று எரியும். அந்த ஆர்க்கின் குறுக்கே 100 வோல்ட் அளவு விழலாம். 11 கேவி வலையில் ஒரு பேஸுக்கு 6,350 வோல்ட் இருப்பதால் 100 போனது தெரியாது. 240 வோல்ட்டில் 100 போனால் ஏறக்குறைய பாதி போய்விட்டது. 480 வோல்ட் வலையில் எர்த்தைத் தொடும் ஆர்க் மின்னோட்டம், போல்ட் ஷார்ட்டில் 38 சதவீதமாகக்கூட இருக்கலாம் என்று காப்மன், பேஜ் இருவரும் 1960-இலேயே எடுத்துக்காட்டினார்கள். இங்கே நம் இயல்பான எண்ணம் தலைகீழாகிறது. மின்னோட்டம் குறைந்தால் ஆபத்தும் குறையும் என்று தோன்றும். 12,000 ஆம்பியர் ஆர்க்கைப் பிரேக்கர் 50 மில்லி விநாடியில் அறுத்து, 9,000 ஆம்பியர் ஆர்க்கை அரை விநாடி எரியவிட்டால், இரண்டாவதுதான் எதிரே நிற்பவரைக் கொடூரமாகச் சுடும். 1982-இல் ரால்ப் லீ எழுதிய கட்டுரைக்குப் பிறகே இந்தத் தீக்காயங்களைக் கணக்கில் பிடிக்கும் முயற்சி வேகம்பெற்றது. 2002-இல் வந்து 2018-இல் 1,800-க்கும் மேற்பட்ட சோதனைகளின் அடிப்படையில் திருத்தப்பட்ட ஐஇஇஇ 1584 வழிகாட்டி, ஆர்க் மின்னோட்டத்தை இருமுறை கணக்கிடச் சொல்கிறது. ஒருமுறை எதிர்பார்க்கும் அளவில், மறுமுறை அதைவிடக் குறைத்து. எதில் தீக்காயம் அதிகமோ அதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

தமிழ்நாட்டு ஆலைகளுக்கு இதில் தனியொரு பாடம் இருக்கிறது. 2008-ஐ ஒட்டித் தொடங்கிய நீண்ட மின்வெட்டு ஆண்டுகளில் கோவையிலும் திருப்பூரிலும் டீசல் ஜெனரேட்டர் இல்லாமல் ஆலை ஓட்ட முடியாது என்றாயிற்று. ஜெனரேட்டர் இன்னும் அங்கேதான் நிற்கிறது. 500 கேவிஏ ஜெனரேட்டர் ஒன்றின் முழு மின்னோட்டம் 700 ஆம்பியர். அதன் முனையில் ஷார்ட் ஆனால் முதல் சில சுழற்சிகளில் 5,800 ஆம்பியர் அளவு வரும். பின் ஒரு விநாடிக்குள்ளேயே வேகமாகத் தளர்ந்துவிடும். மின்வாரிய (ஈபி) மின்சாரத்தை மனத்தில் வைத்து 8,000 ஆம்பியரில் டிரிப் ஆகும்படி அமைத்த பிரேக்கர், ஜெனரேட்டர் ஓடும்போது ஒரு நிஜ ஷார்ட்டைப் பார்த்தும் உடனே விழாது. ஒவ்வோர் ஆலையின் படத்தையும் மென்பொருளில் இரண்டு முறை ஓட்ட வேண்டும், ஈபி நிலையில் ஒன்று, ஜெனரேட்டர் நிலையில் ஒன்று. ஈபி நிலையில் மோட்டார்களையும் மறக்கக் கூடாது. ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் ஷார்ட் நடந்த கணத்தில் சிறு ஜெனரேட்டராகி, தன் மின்னோட்டத்தைப்போல் ஐந்தாறு மடங்கைச் சில சுழற்சிகளுக்கு ஊட்டும். 500 கிலோவாட் மோட்டார்கள் சேர்ந்தால் பெரிய எண்ணில் 5,000 ஆம்பியர் கூடிவிடும். வேகத்தை மாற்றும் சாதாரண டிரைவ் வழியே ஓடும் மோட்டார் அப்படித் திருப்பி ஊட்டுவதில்லை.

ஆகவே இந்த வேலையின் கடினமான பகுதி கணினி முன்னால் நடப்பதில்லை. கேபிள் டிரெஞ்சின் மூடிகளைத் திறந்து நீளம் அளக்க வேண்டும். பத்தாண்டுப் பழைய வரைபடத்தில் 50 சதுர மில்லிமீட்டர் என்றிருக்கும் கேபிள் உண்மையில் 35-ஆ என்று பார்க்க வேண்டும், செம்பா அலுமினியமா என்று பார்க்க வேண்டும். டிரிப் அமைப்புகளை ஒவ்வொரு பிரேக்கரின் முகப்பிலிருந்தும் படித்தெழுத வேண்டும். எர்த் லூப் மீட்டரைக் கடைசி மூலையில் வைத்து அளந்து, வெப்பத் திருத்தம் போட்டு, மென்பொருள் சொன்ன சிறிய எண்ணோடு ஒப்பிட வேண்டும். இரண்டும் கணிசமாக விலகினால் ஏதோ ஓர் இணைப்பு தளர்ந்திருக்கிறது, அல்லது படம் பொய் சொல்கிறது. பெரிய எண்ணுக்கு மட்டும் பத்தி வைத்து, சிறிய எண்ணுக்குப் பத்தியே இல்லாமல் வரும் அறிக்கையைத் திருப்பி அனுப்ப ஆலை மேலாளருக்கு முழு உரிமை உண்டு.

கூரைகளில் இப்போது சோலார் ஏறிக்கொண்டிருக்கிறது, சில ஆலைகளில் பேட்டரியும். இன்வெர்ட்டர், ஷார்ட் நடந்தாலும் தன் முழு மின்னோட்டத்தைவிடச் சற்று மட்டுமே கூடுதலாகத் தரும். உள்ளிருக்கும் குறைக்கடத்திகள் அதற்கு மேல் தாங்கா. 2016-இல் திருத்தப்பட்ட ஐஇசி 60909 இவற்றைத் தனி வகை மூலங்களாகச் சேர்த்துக்கொண்டது. ஈபியோடு இணைந்திருக்கும்வரை இதனால் பெரிய சிக்கல் இல்லை. ஈபி போய், ஆலையின் ஒரு பகுதி பேட்டரி இன்வெர்ட்டரில் மட்டும் ஓடும்போது, ஷார்ட் மின்னோட்டம் சாதாரண லோடு மின்னோட்டத்திலிருந்து அதிகம் வேறுபடாது. பியூஸ் உருகாது, காந்த டிரிப் அசையாது. அங்கே மின்னழுத்தம் சரிவதைக் கவனித்தோ, எர்த்தில் கசியும் சில மில்லி ஆம்பியரைப் பிடித்தோதான் மின்சாரத்தை அறுக்க வேண்டியிருக்கும்.